ராமநாதபுரம் கடற்கரையில் ஏர் பிஸ்டல்: துப்பாக்கி, பெல்லட், பராமரிப்புக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில், அதாவது அழுத்தக் காற்றால் சுடும் கைத்துப்பாக்கிப் பிரிவில், வெண்கலம் வாங்கினார். சரப்ஜோத் சிங்கோடு சேர்ந்து கலப்பு அணிப் பிரிவில் இன்னொரு வெண்கலம். அதற்கப்புறம் இந்த விளையாட்டைப் பற்றிக் கேட்கிற பிள்ளைகளும் பெற்றோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, எந்த பிஸ்டல் வாங்கலாம்?"

பதில் சொல்கிறேன். ஆனால் கையில் இருக்கும் பணம் எந்த வரிசையில் செலவாக வேண்டும் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கைக்குப் பொருந்துகிற கிரிப் (கைப்பிடி), ஒரே லாட்டில், அதாவது ஒரே தயாரிப்புத் தொகுதியில் வந்த பெல்லட் (சின்ன ஈயக் குண்டு), உப்புக்காற்றிலிருந்து துப்பாக்கியைக் காப்பாற்றும் ஏற்பாடு. இந்த மூன்றும் சரியாக இருந்தால் பழைய பிஸ்டலே பல வருஷம் கூட வரும். மூன்றில் ஒன்று கெட்டாலும் லட்சங்களைக் கொட்டி வாங்கியது வீண்தான்.

முதலில் சட்டம்

வெளிநாட்டுக் காணொளிகளில் வீட்டு மேசையில் உட்கார்ந்து தோட்டா நிரப்புவதைப் பார்த்துவிட்டு, நாமும் செய்யலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கூடாது. 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். வெடிமருந்து சம்பந்தப்பட்ட எதையும் வீட்டில் தொட வேண்டாம்.

ஏர் பிஸ்டலின் கதை வேறு. 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டருக்கு மேல் போகாத குழல் உள்விட்டமும், 20 ஜூலுக்கு மேல் போகாத ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. போட்டி பிஸ்டல் அரை கிராம் பெல்லட்டை நொடிக்கு 150 மீட்டர் வேகத்தில் தள்ளுகிறது என்று வைத்துக்கொண்டால், ஆற்றல் 6 ஜூலைக்கூடத் தொடாது. வாங்கும்போது அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கொடுத்து, பில்லைக் கண்டிப்பாகக் கேட்டு வாங்குங்கள்.

நம் பகுதியில் அந்த பில்லுக்குத் தனி மதிப்பு உண்டு. எல்லைக் கடல் பக்கத்தில் இருக்கிறது. உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானதளம் இருக்கிறது, கடலோரக் காவல் குழுமத்தின் சோதனையும் நடக்கும். பையில் பிஸ்டல் வடிவில் ஒன்று இருந்தால் கேட்கத்தான் செய்வார்கள். பில் நகல், அடையாள அட்டை, கிளப் உறுப்பினர் அட்டை, போட்டிக்குப் போகிறீர்கள் என்றால் நுழைவுக் கடிதம், எல்லாம் துப்பாக்கிப் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். பேருந்தில் பெட்டியைத் திறந்து யாருக்கும் காட்டாதீர்கள்.

பறவைகளைக் குறிவைப்பது என்ற பேச்சே கூடாது. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் சரணாலயங்கள் நம் மாவட்டத்தில்தான் இருக்கின்றன. வன உயிர் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், அப்படி ஒரு பையன் செய்தால் இந்த விளையாட்டின் பெயரே ஊரில் கெட்டுவிடும்.

டார்கெட்டின் கணக்கு

எதில் காசு போடலாம் என்பதை டார்கெட்டே சொல்லிவிடும். பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ. அதற்கு வெளியே ஒவ்வொரு வளையத்துக்கும் 16 மி.மீ. கூடும்: ஒன்பதுக்கு 27.5, எட்டுக்கு 43.5, ஏழுக்கு 59.5. கறுப்பு வட்டம் ஏழு வரைக்கும். ஓட்டை கோட்டைத் தொட்டாலே உயர்ந்த மதிப்பெண் கிடைக்கும். பெல்லட்டின் விட்டம் 4.5 மி.மீ. என்பதால், அதன் நடுப்புள்ளி டார்கெட்டின் மையத்திலிருந்து 8 மி.மீ.க்குள் விழுந்தால் பத்து.

இப்போது இரண்டு தவறுகளை எடுத்துக்கொள்வோம். கை மொத்தமாக 5 மி.மீ. பக்கவாட்டில் ஆடுகிறது, ஆனால் குறிபார்க்கும் முன் சைட்டும் பின் சைட்டும் நேராகவே இருக்கின்றன. ஓட்டையும் அதே 5 மி.மீ. தான் விலகும், பத்து கிடைத்துவிடும். இன்னொன்று, கை ஆடவில்லை, ஆனால் பின் சைட்டின் பள்ளத்துக்குள் முன் சைட் அரை மி.மீ. ஒதுங்கிவிட்டது. இரண்டு சைட்டுக்கும் இடையே சுமார் 320 மி.மீ. இருக்கும். பத்து மீட்டரில் அந்த அரை மி.மீ. கிட்டத்தட்ட 16 மி.மீ. ஆகிவிடும். பத்து போச்சு, ஓட்டை ஒன்பதின் விளிம்பில் போய் நிற்கும்.

அதனால்தான் கிரிப் முதலிடம் பெறுகிறது. கையைத் தூக்கியதும் சைட் தானாக நேராக வந்து நிற்க வேண்டும். மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்ய வேண்டியிருந்தால், அந்தப் பிஸ்டல் இன்னும் உங்களுடையது ஆகவில்லை.

எந்தத் துப்பாக்கி

ஸ்டெயர், வால்தர், ஃபைன்வெர்க்பாவ், மொரினி, பார்டினி. சர்வதேச ரேஞ்சுகளில் (சுடுதளங்களில்) அதிகம் காண்பது இந்தப் பெயர்களைத்தான். எல்லாமே அழுத்தக் காற்று சிலிண்டரில் ஓடுபவை, புதிதாக வாங்கினால் லட்சத்தைத் தாண்டும். இவற்றில் எது சிறந்தது என்று மணிக்கணக்கில் விவாதிப்பதில் ஆரம்பக்காரருக்கு ஒரு லாபமும் இல்லை. எதுவானாலும் உங்கள் கையைவிடத் துல்லியமாகவே சுடும்.

விதிகள் தெளிவானவை. எடை 1500 கிராமுக்கு மேல் போகக் கூடாது. ட்ரிகரை இழுக்கும் எடை 500 கிராமுக்குக் குறையக் கூடாது. 420 × 200 × 50 மி.மீ. பெட்டிக்குள் மொத்தத் துப்பாக்கியும் அடங்க வேண்டும். ஒரு கையால்தான் பிடிக்க வேண்டும். மணிக்கட்டுக்கு எந்தத் தாங்கலும் இருக்கக் கூடாது, பிடிக்கும் கையில் வாட்ச், வளையல், கயிறு எதுவும் கூடாது. கோயில் கயிறு கட்டியிருக்கும் பிள்ளைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சோதனை மேசையில் நின்று மனம் கலங்க வேண்டாம்.

ஆரம்பக்காரருக்கு என் சிபாரிசு: முதல் ஆறு மாதம் கிளப் பிஸ்டலில் சுடட்டும். அதற்கப்புறம் சொந்தமாக வேண்டுமென்றால், பழையது ஒன்று. சிலிண்டர் நிரப்ப வசதியில்லாத ஊரில் இருப்பவருக்கு ஒற்றை நெம்பு வகை நல்லது. ரஷ்யத் தயாரிப்பான பைக்கல் இஷ்-46எம் அந்த வகை. ஒவ்வொரு ஷாட்டுக்கும் நெம்புகோலை ஒருமுறை இழுத்து மூட வேண்டும். அறுபது ஷாட்டுக்குத் தோள் வலிக்கும், ஆனால் காற்று நிரப்பும் கவலை கிடையாது, உள்ளே கெட்டுப்போகிற பாகங்களும் குறைவு. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளை என்றால் எடை குறைந்த காம்பாக்ட் வகையைப் பாருங்கள். ஒரு கிலோவைச் சிறிய தோளில் வருஷம் முழுவதும் தூக்கவைப்பது நல்லதல்ல.

பழையது வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். சிலிண்டரில் அச்சிட்டிருக்கும் தயாரிப்புத் தேதி. பெரும்பாலான சிலிண்டர்களுக்குத் தயாரிப்பாளர் கொடுக்கும் ஆயுள் 10 வருஷம், காலம் கடந்ததை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொட வேண்டாம். அடுத்து, நிரப்பிவிட்டு ஒரு இரவு வைத்து மறுநாள் அழுத்தமானி அப்படியே நிற்கிறதா என்று. கடைசியாக, குழலின் வாயில் நகத்தால் தடவினால் சொரசொரப்பு தட்டுகிறதா என்று.

கிரிப்பைக் கைக்குக் கொண்டுவருவது

கடையில் வரும் மரக் கிரிப் யாருடைய கைக்கும் முழுதாகப் பொருந்தாது. அளவு சிறியது, நடுத்தரம், பெரியது என்று வரும். அது தொடக்கப் புள்ளி மட்டுமே. மிச்சத்தை நாம்தான் செதுக்க வேண்டும், வளர்க்க வேண்டும்.

உள்ளங்கையிலும் விரல்களிலும் முகப் பவுடரை மெல்லிசாகத் தடவுங்கள். கண்ணை மூடிக்கொண்டு பிஸ்டலைப் பிடித்து, டார்கெட் இருக்கும் திசைக்குத் தூக்கி, பத்து நொடி நிறுத்திவிட்டுக் கீழே வையுங்கள். பவுடர் அழுத்தமாக ஒட்டிய இடம் மேடு. ஒட்டாமலே இருக்கும் இடம் பள்ளம். பெரும்பாலும் மேடு கட்டைவிரல் அடிப்பக்கத்திலும், பள்ளம் உள்ளங்கைக் குழியிலும் இருக்கும். மேட்டில் அரத்தை இரண்டு இழுப்பு இழுத்து, உப்புத்தாள் தேய்த்து, மறுபடி பவுடர். பள்ளத்தில் மர மக்கு அப்பி, ஈரமாக இருக்கும்போதே மெல்லிய பாலித்தீன் உறையை மேலே விரித்துக் கையை அழுத்தி எடுத்தால் உள்ளங்கையின் வடிவம் அப்படியே பதியும்.

தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால் நம் ஊர்களில் படகு வேலை செய்யும் ஆசாரிகள் இருக்கிறார்கள். வளைந்த மரத்தை விரலால் தடவியே அளவு சொல்லும் கை அவர்களுடையது. "இந்த இடத்துல அரை நூல் எடுத்தா போதும்ணே" என்று சொன்னால் அரை நூல்தான் எடுப்பார்கள். எங்கே எடுக்க வேண்டும் என்று பென்சிலால் குறித்துக் கொடுக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. விதிக்கு வெளியே போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்: உள்ளங்கையைத் தாங்கும் கீழ்த் தட்டு கையைச் சுற்றி மேல்நோக்கி வளையக் கூடாது, மரத்தின் எந்தப் பகுதியும் மணிக்கட்டைத் தொடக் கூடாது.

சரியாக வந்துவிட்டதா என்று அறிய ஒரு வழி இருக்கிறது. கண்ணை மூடிப் பிஸ்டலைத் தூக்கி, நிறுத்திவிட்டு, கண்ணைத் திறங்கள். முன் சைட் பள்ளத்தின் நடுவில் இருக்கிறதா? இடதுபுறம் ஒதுங்கி நிற்கிறது என்றால் கிரிப்பைச் சற்றுத் திருப்ப வேண்டும்; சைட் திருகைத் தொடாதீர்கள். இருபது தடவை தூக்கினால் இருபது தடவையும் ஒரே இடத்துக்கு வர வேண்டும். அதுவரை அரமும் மக்கும் மேசை மேலேயே இருக்கட்டும். வார்னிஷ் அடிக்காதீர்கள், நம் புழுக்கத்தில் வழுக்கும். மரத்தின் மேல் புள்ளி புள்ளியாகக் குத்திய சொரசொரப்புதான் வியர்வைக்கு ஏற்றது.

ட்ரிகரைப் பற்றி இரண்டே வார்த்தை. 500 கிராமுக்கு ஒட்டி வைக்காமல் 520, 530 என்று வையுங்கள், சோதனையில் ட்ரிகர் அந்த எடையைத் தூக்காமல் போனால் அன்றைய நாளே கெடும். ட்ரிகர் இரண்டு கட்டமாக இழுபடும்: மொத்த எடையில் பெரும்பகுதி முதல் கட்டத்திலேயே வந்துவிடட்டும், இரண்டாம் கட்டத்துக்குக் கொஞ்சம் மீதி.

பெல்லட்

தோட்டா நிரப்புபவர்கள் தேடுவது ஒன்றைத்தான்: ஒவ்வொரு ஷாட்டும் முந்தையதைப் போலவே இருக்க வேண்டும். நமக்கு அந்த வேலையைத் தொழிற்சாலை செய்துவிடுகிறது. நம் பங்கு தேர்ந்தெடுப்பது.

போட்டிக்குத் தட்டைத் தலை பெல்லட்தான். காகிதத்தில் வட்டமாக, சுத்தமாகத் துளை போடும். ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்10, எச் அண்ட் என் ஃபினாலே மேட்ச் போன்றவை பெயர் பெற்றவை. பிஸ்டலுக்கென்று 0.45 முதல் 0.49 கிராம் வரையிலான இலகு வகையும், ரைபிளுக்கென்று 0.53 கிராம் வகையும் வருகின்றன. சில பிஸ்டல்கள் ரைபிள் பெல்லட்டையே விரும்பும், சோதித்துத்தான் தெரியும். தலை விட்டம் 4.49, 4.50, 4.51 என்று டின்னின் மேல் போட்டிருக்கும். அதோடு லாட் எண்ணும் இருக்கும். ஒரே பெயர், ஒரே விட்டம் என்றாலும் லாட் மாறினால் குணம் மாறலாம்.

தனியாளாகப் பல லாட் வாங்கிச் சோதிப்பது கையைக் கடிக்கும். கிளப்பில் நாலைந்து பேர் சேர்ந்து ஆளுக்கொரு வேறு டின் வாங்கிப் பகிர்ந்துகொள்ளுங்கள். குழலை ஃபெல்ட் (அழுத்திய கம்பளித் துண்டு) விட்டுத் துடைத்தபின் பத்திருபது ஷாட் சும்மா சுட்டுக் குழலைப் பழக்குங்கள். பிஸ்டலின் உடலைக் கவ்வியில் ரப்பர் வைத்து இறுக்குங்கள். குழலையோ சிலிண்டரையோ கவ்வக் கூடாது. ஒவ்வொரு லாட்டிலும் பத்துப் பத்து ஷாட்டாக ஐந்து தாள். வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு வெர்னியர் வைத்து அளந்து ஐந்தின் சராசரியை எடுங்கள். ஒரு தாள் அழகாக வந்துவிட்டது என்று மயங்கக் கூடாது. சராசரி 7 மி.மீ.க்குள் இருந்தால் அது போட்டி லாட். 9 வந்தாலும் பயிற்சிக்குத் தாராளமாகப் போதும். மேலே சொன்ன கணக்கைப் பார்த்தால் அந்த இரண்டு மி.மீ. ஒருவரை எட்டுக்குத் தள்ளப்போவதில்லை.

அப்புறம் கண்ணாடித் தட்டுச் சோதனை. ஒரு கண்ணாடித் துண்டை லேசாகச் சாய்த்து, மேலிருந்து பெல்லட்டுகளை ஒவ்வொன்றாக உருட்டுங்கள். பாவாடை (பின்பக்கம் விரிந்திருக்கும் ஓரம்) நசுங்காத பெல்லட் ஒரே சீரான வளைவில் ஓடும். நசுங்கியது தத்தித் தத்தி வேறு பக்கம் போகும். அதைப் பயிற்சி டப்பாவில் போட்டுவிடுங்கள். போட்டிக்கு வேண்டிய எழுபது, எண்பதுக்கு மட்டும் இதைச் செய்தால் போதும். தராசில் எடை போட்டுப் பிரிப்பவர்களும் உண்டு. அந்த நேரத்தை டிரை ஃபயருக்கு, அதாவது பெல்லட் போடாமல் ட்ரிகர் இழுத்துப் பழகுவதற்குக் கொடுங்கள் என்பேன்.

இந்தக் காற்றில் ஈயமும் வெளுக்கும். திறந்த டின்னில் வைத்தால் நாளாக நாளாக வெள்ளைப் பொடி பூக்கும், அப்படிப் பூத்ததைச் சுடாதீர்கள். டின்னை மூடி, காற்றுப் புகாத டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். வியர்த்த கையால் அள்ளாதீர்கள்.

காற்று நிரப்புவது

இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள். சிலிண்டரில் உலர்ந்த, சுத்தமான காற்று மட்டும்தான் போக வேண்டும். துறைமுகப் பக்கத்து வெல்டிங் பட்டறையில் ஆக்சிஜன் சிலிண்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அதை ஒருபோதும் இணைக்காதீர்கள். உயர் அழுத்த ஆக்சிஜன் எண்ணெய்ப் பிசுக்கைத் தொட்டால் வெடிக்கும், உயிர் போகும்.

பிஸ்டல் சிலிண்டரின் வழக்கமான நிரப்பு அழுத்தம் 200 பார். முழுநீளச் சிலிண்டரில் சுமார் 150 ஷாட் வரும். கிளப்பில் பெரிய சிலிண்டர் இருந்தால் அதிலிருந்து மெதுவாக நிரப்புங்கள். வேகமாக நிரப்பினால் சூடேறி, ஆறியதும் அழுத்தம் இறங்கிவிடும். கைப் பம்பு என்றால் ஈர வடிகட்டி அவசியம். நம் காற்றில் இருக்கும் ஈரம் அழுத்தத்தில் தண்ணீராக மாறி சிலிண்டருக்குள் தங்கும். ஐம்பது இழுப்புக்கு ஒருமுறை நிறுத்தி, ஆறவிட்டு, வடிகால் திருகைத் திறந்து தண்ணீரை வெளியேற்றுங்கள். ரப்பர் வளையங்களுக்கு சிலிக்கான் கிரீஸ் மட்டும். வெயிலில் நிற்கும் காருக்குள் நிரப்பிய சிலிண்டரை விட்டுவிட்டுப் போகக் கூடாது.

உப்புக்காற்று

1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. இரும்பை அரித்தது இந்தக் காற்றுதான். அவ்வளவு கனமான இரும்பையே விடாத காற்று, மெல்லிய ட்ரிகர் ஸ்பிரிங்கை விட்டுவைக்குமா?

உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அலைத்தூசி ஊருக்குள்ளும் வரும். அந்த நாட்களில் கடல் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டே பயிற்சி செய்யுங்கள். சுட்டு முடித்ததும் முதலில் உலர்ந்த பருத்தித் துணி, பிறகு ஒரு சொட்டுத் துப்பாக்கி எண்ணெய் தொட்ட துணி. கை பட்ட உலோகம் எல்லாவற்றையும் துடைக்க வேண்டும், வியர்வையும் உப்புதான். எண்ணெயை ஊற்றாதீர்கள், மண் ஒட்டி உள்ளே அரைக்கும். சைட் திருகுகளின் தலையையும் ட்ரிகர் ஊசிகளையும் மறந்துவிடுவார்கள், துரு அங்கேதான் தொடங்கும்.

பெட்டியைப் பற்றிப் பலருக்குத் தெரியாத விஷயம்: உள்ளே இருக்கும் ஸ்பாஞ்ச் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். பெட்டி பயணத்துக்கு மட்டும்தான். வீட்டில் பிஸ்டலைத் துணியில் சுற்றி, பூட்டிய இரும்பு அலமாரியில், சிலிக்கா ஜெல் டப்பாவோடு வையுங்கள். நிறம் மாறும் வகை ஜெல் வாங்கினால் ஈரம் ஏறியது கண்ணுக்குத் தெரியும். 110, 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் மறுபடி வேலை செய்யும். சமையல் சட்டியில் மட்டும் போடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுடவே இல்லை என்றாலும் வாரம் ஒருமுறை எடுத்துத் துடைத்து வைக்க வேண்டும்.

குழலுக்கு இரும்புப் பிரஷ் வேண்டாம். ஃபெல்ட்டைப் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக இழுங்கள். ஐந்நூறு ஷாட்டுக்கு ஒருமுறை போதும்.

வீட்டில் பத்து மீட்டர்

நம் ஊரில் பல வீடுகளுக்கு நீளமான கொல்லை இருக்கிறது, ஆனால் திறந்த வெளியில் சுட வேண்டாம். பின்னால் முழுச் சுவர், பக்கவாட்டில் கதவோ வழியோ இல்லாத இடம்தான் வேண்டும். தரையிலிருந்து டார்கெட்டின் மையம் 1.40 மீட்டர். டார்கெட்டில் குறைந்தது 1500 லக்ஸ் வெளிச்சம் படட்டும். அதற்குப் பின்னால் 3 மி.மீ. இரும்புத் தகடு, கீழ்நோக்கிச் சாய்ந்து, அடியில் தட்டு. செங்குத்தான தகட்டிலும் சுவரிலும் பெல்லட் திரும்பி வரும். சுடுபவரும் பக்கத்தில் நிற்பவரும் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும்.

தட்டில் சேரும் ஈயத்தைப் பார்த்தால் வலைக்குக் குண்டு உருக்கலாம் என்று தோன்றும். வீட்டுக்குள் உருக்காதீர்கள். ஈயப்புகை பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும். மூடிய டப்பாவில் சேர்த்துப் பழைய ஈயம் வாங்குபவரிடம் கொடுங்கள். பயிற்சிக்கு நடுவில் வடை, டீ கூடாது. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, சட்டையை மாற்றிவிட்டே சாப்பாடு. தரையைப் பெருக்காமல் ஈரத் துணியால் துடையுங்கள்.

உடைக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். தட்டையான அடி உள்ள ஷூ, கணுக்கால் எலும்பை மூடக் கூடாது. குறிபார்க்காத கண்ணை மறைக்க 30 மி.மீ. அகலத்துக்கு மிகாத மறைப்பு. லென்ஸ் பொருத்தும் தனி ஷூட்டிங் கண்ணாடி பார்வைக் குறை இருந்தால் மட்டும்.

போட்டிக்குப் போகும்போது

மின்னணு டார்கெட்டில் அறுபது ஷாட்டுக்கு 75 நிமிஷம், அதற்கு முன் தயாரிப்புக்கும் சைட் பார்ப்பதற்கும் 15 நிமிஷம். இதே நேரக் கணக்கில் மாதம் ஒருமுறையாவது வீட்டில் முழு மேட்ச் சுட்டுப் பார்த்திருக்க வேண்டும். போட்டி லாட் பெல்லட்டைக் கைப்பையில் வையுங்கள். மாற்று ரப்பர் வளையங்கள், கிரிப் திருகுக்கு உரிய சாவி, சிறிய துணி, இவை போதும்.

வெளியூர் ஏசி ரேஞ்சில் சுட்டுவிட்டு வெளியே வரும்போது ஒரு வேலை பாக்கி இருக்கிறது. குளிர்ந்த உலோகம் நம் காற்றைச் சந்தித்ததும் அதன் மேல் நீர் கோக்கும். பெட்டியை மூடியபடியே ஊர் வரை கொண்டுவாருங்கள். வீட்டில் ஒரு மணி நேரம் அப்படியே வைத்து, உள்ளே இருப்பது அறைச் சூட்டுக்கு வந்தபின் திறந்து, ஒவ்வொரு பாகமாகத் துடைத்து, ஸ்பாஞ்சை ஃபேன் காற்றில் காயப்போட்டுவிட்டுத்தான் படுக்கப் போக வேண்டும்.